பொற்கொல்லன் சொல்லும் அவையின் கண்ணும்

அறிவுடையார் கையில் ஆட்சி இருத்தல் வேண்டும் என்னும் கருத்து எந்நாட்டிலும் எழுந்தும் அடங்கியும் வந்துள்ள கருத்தாகும். கிரேக்க நாட்டுப் பிளேட்டோ, மீகாமன் தொழில் அறியாதார் செலுத்தும் மரக்கலத்தை உவமை காட்டி, மெய்யறிவாளரே அரசராதல் வேண்டும் என்றார். அமெரிக்காவில் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொருளாதாரம் வீழ்ந்தபோது, அரசியலாரை விலக்கிப் பொறியியலாரை ஆளவைத்தல் வேண்டும் என்னும் இயக்கம் ஒன்று ஹோவர்டு ஸ்காட் என்பார் தலைமையில் தோன்றியது. டெக்னாக்ரசி என்பது அதன் பெயர். இன்று அப்பொறியியலாரின் இடத்தில் கணிப்பொறியையும் செயற்கை நுண்ணறிவையும் கொணர்ந்து நிறுத்துவார் உளர். மாந்தர்க்கு விருப்பு வெறுப்பு உண்டு; பொறிக்கு அவை இல்லை; ஆகலின் நீரும் வரியும் உதவியும் பகிர்ந்தளிக்கும் பொறுப்பைப் பொறியின் கணக்கிற்கே விட்டுவிடலாம் என்பது அவர் கூற்று.

இக்கருத்திற்குத் தமிழ்ச் சான்று தேடுவார் பெரும்பாலும் இரண்டனைக் காட்டுவர். ஒன்று வள்ளுவரின் பொருட்பால். மற்றொன்று உத்தரமேரூர்க் கல்வெட்டு. அமைச்சர்க்கு இத்துணைத் தகுதி கூறிய நூல் பிறிதில்லை என்றும், வாரியத்திற்கு நிற்பார்க்கு இத்துணைத் தகுதி வகுத்த ஊர் பிறிதில்லை என்றும் அவர் பெருமிதம் கொள்வர். அவ்விரண்டனையும் பின்னர் நோக்குவோம். முதற்கண் யாம் எடுத்துக்கொள்வது, இவ்வாராய்ச்சியில் எவரும் சான்றாகக் காட்டாத சிலப்பதிகாரம்.

அதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. குமாரபாளையத்தில் முதுகலை வகுப்பில் யாம் கொலைக்களக் காதை பாடஞ்சொல்லிய நாள் ஒன்றில், சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகனாகிய மாணாக்கர் எழுந்து, “ஐயா, காவலர் கண்ணுக்குக் கோவலன் கள்வனாகத் தோன்றவில்லையே, பின் ஏன் அவர்கள் வாய் அடங்கினார்கள்?” என்று வினவினார். ஊழ் என்று கூறி யாம் மேற்சென்றோம். அவ்விடை எமக்கே நிறைவு தரவில்லை. இக்கட்டுரையை, அவ்வினாவிற்குக் காலந்தாழ்த்துச் சொல்லும் விடையாகக் கொள்ளினும் பொருந்தும்.

பொற்கொல்லனைப் பொய்யன், கள்வன் என்ற அளவில் நிறுத்திவிடுதல் நம் உரைகளிலும் வகுப்புகளிலும் வழக்கமாகிவிட்டது. இளங்கோவடிகள் அவனை அவ்வளவில் நிறுத்தவில்லை. அவன் தோன்றும் இடத்தை நோக்குக. நுண்தொழில் வல்ல கொல்லர் நூற்றுவர் பின்தொடர, மேற்சட்டை அணிந்து, கையில் தொழிற்கருவி ஏந்தி வருகின்றான். கோவலன் அவனை முன்பின் அறியான். உடையும் கருவியும் பின்வரும் கூட்டமும் கண்டே, பாண்டியனால் சிறப்புப் பெற்ற கொல்லன் இவனாதல் வேண்டும் எனத் துணிகின்றான். அத்துணிவும் தவறன்று, அவன் உண்மையிலேயே அரண்மனைக் கொல்லன், உண்மையிலேயே தொழில் வல்லவன். அடிகள் போலி வல்லுநன் ஒருவனைப் படைத்திருப்பின் கதை எளிதாகிவிடும். நாமும் போலிகளைக் களைந்துவிட்டு அமைதி கொள்ளலாம். அடிகள் அவ்வமைதியை நமக்குத் தரவில்லை. சிலம்பின் அருமையை மதுரையிலேயே நன்கு அறிய வல்லவன் எவனோ, அவன் வாயிலிருந்தே பொய் பிறக்கின்றது.

அடுத்து, அரசன் கட்டளை. தேவியின் ஊடல் தணிக்க விரையும் வழியில், கள்வன் கிடைத்தான் என்னும் சொல்லை அரசன் கேட்கின்றான். ஊர்காப்பாளரை அழைத்து அவன் இடும் கட்டளையில் ஒரு நிபந்தனை உளது: சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் கொன்று கொணர்க என்பதே அதன் பொருள். அரசன் நெஞ்சு அறியாது தடுமாறிய இடம் என்றும், வினை விளை காலம் என்றும் உரையாளரும் ஆராய்ச்சியாளரும் இக்கட்டளையைப் பலபட விரித்துள்ளனர். யாம் காட்ட விரும்புவது ஒன்றே. நிபந்தனை இருந்தது, அதனைச் சரிபார்க்கும் பொறுப்பு யாரிடம் சென்றது? காவலரை அழைத்துச் செல்பவன் பொற்கொல்லன். சிலம்பைக் காட்டுக என்று கோவலனிடம் கேட்பவனும் அவனே. இது தேவியின் சிலம்பே எனத் தேர்ந்து சொல்பவனும் அவனே. ஐயத்தைக் கிளப்பியவன், சான்று கூறுவோன், ஆய்வு செய்வோன் ஆகிய மூவரும் ஒருவனாயினர். தேவியின் சிலம்பில் இணையாய் எஞ்சிய ஒன்றைக் கொணர்ந்து ஒப்புநோக்குதல் எளிது. பின்னர் வழக்குரை காதையில் நிகழ்வது கிட்டத்தட்ட அதுவே. அதனைச் செய்யுமாறு ஒருவரும் கூறவில்லை. வல்லவன் இருக்க ஒப்புநோக்கு எதற்கு என்று அனைவரும் கருதினர்போலும்.

இனி மாணாக்கர் வினாவிய இடம். கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றத்து இலக்கணம் கொல்லப்படத் தக்கவனுடையது அன்று என்கின்றனர். அவர்க்கும் ஓர் அறிவு உண்டு. பல்லாண்டு காவல் செய்து, கள்வரை நேரிற்கண்டு பழகிய அறிவு அது. பொற்கொல்லன் அதனை மறுத்து உரைப்பதற்கு முன்னர் நகைக்கின்றான். அந்நகையை யாம் பலகால் எண்ணியதுண்டு. பின்னர்க் களவு நூலை விரிக்கின்றான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணை எட்டு என்று எண்ணிக் காட்டி, ஒவ்வொன்றற்கும் விளக்கமும் கதையும் கூறுகின்றான். ஒழுங்கும் வகைப்பாடும் எடுத்துக்காட்டும் அமைந்த நல்ல விரிவுரை அது. எம் போன்ற ஆசிரியர் பொறாமை கொள்ளத் தக்கது! அவ்விரிவுரையில் இல்லாதது ஒன்றே. கோவலனைப் பற்றிய செய்தி அதில் எதுவும் இல்லை. கள்வர் இயல்பு பற்றிய பொதுநூல் முழுதும் உண்மையேயாயினும், எதிரில் நிற்பவன் கள்வன் என்பது அதனால் பெறப்படாது. ஆயினும் காவலர் வாய் அடங்கினர். அவர் கண்டது ஒரு முகம். அவன் கூறியதோ ஒரு நூல். நூலின்முன் முகம் தோற்றது. முடிவில் வாளை வீசியவன் யார்? கல்லாதவன், கள்ளுண்டு களித்தவன். மிக்க நூலறிவுடையான் சொல், ஒரு நூலும் அறியாதான் கையில் வாளாயிற்று. இவ்விணைப்பை அடிகள் எண்ணாமல் அமைத்தார் என்று கொள்ள யாம் ஒருப்படோம்.

வழக்குரை காதையில் நிகழ்வது இதற்கு மறுதலை. கண்ணகி பொன்னின் மாற்று அறியாள். கைவினை நூல் கல்லாள். தன் காற்சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதனை அணிந்தவள் ஆதலின் தெரியும். அரசன் அவள் உரையை நல்லுரை என ஏற்று, தன் தேவியின் சிலம்பில் உள்ளது முத்து எனத் தானே கூறிச் சிலம்பைக் கொணர்வித்து முன் வைக்கின்றான். அவள் உடைக்கின்றாள். மணி தெறித்தது, அவையோர் அனைவர் கண்ணும் கண்டது. அதனைக் காண்பதற்குக் கொல்லனின் நூலறிவு எவர்க்கும் வேண்டப்படவில்லை. அரசன் இறக்குமுன் தன்மேல் தானே கூறிக்கொள்ளும் குற்றத்தையும் நோக்குதல் வேண்டும். அறியாமையால் தவறினேன் என்று அவன் கூறவில்லை. பொன்செய் கொல்லன் சொல்லைக் கேட்ட யானோ அரசன், யானே கள்வன் என்னும் கருத்துப்படக் கூறி வீழ்கின்றான். ஆராய்தற்குரிய கடமையை ஆராய வல்லவன் என்று தான் நம்பிய ஒருவனிடம் விட்டுவிட்டதே அவன் கண்ட குற்றம். செங்கோல் வளைந்தது, அது பிறன் கைக்கு மாறிய அந்த ஒரு நொடியில் என்க.

இவ்வளவில் நிறுத்தினால், சிலம்பு வல்லுநரை வெறுக்கச் சொல்லும் நூல் என்று கொள்ள இடமாகும். அதனைத் தடுக்கும் செய்தியும் அந்நூலிலேயே உளது. கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற் செழியன், பத்தினிக்குப் பலியாக ஒரு பகலில் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்றான் என்று நீர்ப்படைக் காதை கூறும். ஒருவன் சொல்லை ஆராயாது ஏற்றது மதுரை. ஆராயாது ஆயிரவரைக் கொன்றதும் அதே மதுரை. பழிதீர்த்த சிறப்பாக இதனைப் பாராட்டி உரைப்பாரும் உளர், எம்மால் இயலவில்லை. நூற்றுவராய்ப் பின்வந்த நுண்தொழிலாளர் செய்த குற்றம் யாது? நம் காலத்தும் மருத்துவர் ஒருவர் பிழைத்தால் மருத்துவமே பொய் என்பாரும், ஆய்வறிக்கை ஒன்று தவறினால் அறிவியலே சூழ்ச்சி என்பாரும் பெருகி வருகின்றனர். அவர் வெற்றிவேற் செழியனின் வழியினர்.

வள்ளுவர்பால் வருவோம். அமைச்சு முதலாகச் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என அவர் அறிவுடையார்க்கு அளித்த இடம் பெரிது. ஆயினும் அமைச்சு அங்கவியலில் வைக்கப்பட்டது. படை, குடி, கூழ், நட்பு, அரண் என்பவற்றோடு அதுவும் ஓர் உறுப்பு. தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தைத் தகுதி நோக்கிப் பணியளித்தற்கு இலக்கணமாகக் காட்டுவார், அவ்வதிகாரத்தின் நான்காம் குறளைப் படியாது கடந்துவிடுகின்றனர். எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்த பின்னரும், வினையில் அமர்த்தப்பட்டபோது வேறுபடும் மாந்தர் பலர் என்பது அதன் கருத்து. ஆகவேதான் அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள், வினைசெய்வாரை அரசன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்கின்றது. தேர்வு ஒரு நாளில் முடிவது; ஆராய்ச்சி நாள்தோறும் தொடர்வது. அமைச்சு அதிகாரத்தின் ஏழாம் குறளோ, செயல்முறைகளை அறிந்த இடத்தும் உலகத்து இயல்பை அறிந்து செய்க என்று அமைச்சனுக்கே அறிவுறுத்துகின்றது. அவ்வறிவை நூல்நெறியால் வரும் அறிவு எனப் பரிமேலழகர் கொண்டது ஈண்டு நினைக்கத்தக்கது. உலகத்து இயல்பை அவன் எங்ஙனம் அறிவான்? உலகத்தாரிடம் கேட்டன்றி வேறு வழியில்லை.

உத்தரமேரூர்ச் சான்று இன்னும் சுவையுடையது. முதற் பராந்தகன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய இரு கல்வெட்டுகள் அவை. தகுதி பற்றிய பகுதியை மட்டும் எடுத்துப் பேசுவார் பலர். கால் வேலிக்கு மிகுந்த இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட அகவை, வேதப் பயிற்சி என்பன அத்தகுதிகள். நிலம் அரைக்கால் வேலியே உடையவன், ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவனாயின் அவனும் கொள்ளப்படுவான். எனவே அவ்வூரார் கணக்கில் கல்விக்கு விலை அரைக்கால் வேலி! நிலமே இல்லாத கல்விக்கு அங்கு இடமில்லை. பார்ப்பனர் சபையாகிய அதில் உழுவார்க்கும் பெண்டிர்க்கும் இடமிருந்ததில்லை என்பதையும் மறைத்தலாகாது. குடவோலையை இக்கால மக்களாட்சியின் முன்னோடி எனப் பாடுவாரும், அறிஞராட்சியின் முன்னோடி எனப் பாடுவாரும் ஒருசேர இக்கல்வெட்டை முழுதும் படித்தல் நன்று.

முழுதும் படித்தால் தோன்றுவது வேறு. முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவன் மீண்டும் வரலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் வரலாகாது. அவன் மட்டுமோ, அவன் உறவினர் இன்னின்னாரும் வரலாகாது என்று கல்வெட்டு முறைபெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கின்றது. கல்வித் தகுதிக்குச் சில சொற்களே செலவிட்ட ஊரார், கணக்குக் காட்டாமைக்கு அத்துணைச் சொற்களைச் செலவிட்டனர். ஓலை எடுக்கும் முறையோ இன்னும் நுட்பமானது. இத்தனை தகுதியும் ஆராய்ந்த பின்னர்க் குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒன்றும் வேறுபாடறியாத சிறுவன். அவன் எடுத்த ஓலையை மத்தியத்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்த பின்னர் அதனை அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். எழுத்தறிந்தவன் ஒருவன் வாசித்தால் போதாதோ? போதாது என்று அவ்வூரார் கருதினர். அவர் தம் கணக்கனை இகழ்ந்தாரல்லர். விரல்களை விரிக்கச் சொன்னார், அவ்வளவே. மதுரைக் காவலர் பொற்கொல்லனை விரல் விரிக்கச் சொல்லவில்லை. பராந்தகன் காலத்து அந்தணர் சபையின் குறுகிய எல்லையை நாம் ஏற்கவேண்டுவதில்லை. அவ்விரிந்த விரல்களை ஏற்கலாம்.

இனி நூலிலிருந்து ஆற்றிற்கு வருவோம். குமாரபாளையம் காவிரியின் கீழ்கரையில் உள்ளது, எதிர்க்கரையில் பவானி. வல்லுநர் ஆட்சிக்கு இந்தியாவில் நேர்ச் சான்று வேண்டுவார் இவ்வாற்றின் மேற்பகுதிக்கே செல்லலாம். மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா, கிருட்டிணராச சாகர் அணையைத் தொடங்கிவைத்த தலைமைப் பொறியாளர். 1912இல் மைசூர் நாட்டின் திவானாகவும் அமர்ந்தார். பொறியாளர் ஒருவர் கையில் ஒரு நாடு ஏறக்குறைய ஆறாண்டுகள் இருந்தது. அணையும் பள்ளிகளும் தொழில்களும் 1916இல் பல்கலைக்கழகமும் அவர் காலத்தன. அவர்தம் நேர்மை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. பொற்கொல்லனோடு அவரை ஒப்பிடுதல் பெரும்பிழையாகும், யாம் ஒப்பிடவில்லை.

ஆயினும் அவர் பதவி நீங்கிய வரலாறு சிந்திக்கத்தக்கது. அரசுப் பணிகளில் பிற்பட்ட வகுப்பினர்க்கு இடம் வகுப்பது பற்றி ஆராய, 1918இல் மன்னர் நான்காம் கிருட்டிணராச உடையார் மில்லர் என்பார் தலைமையில் குழு அமைத்தார். திறமை ஒன்றே அளவுகோலாதல் வேண்டும் எனக் கருதிய திவான் அதற்கு உடன்படவில்லை. அவ்வேற்றுமையே அவர் விலகியதற்குக் காரணம் எனப் பெரிதும் கூறப்படுகின்றது. அணையின் உயரம் எவ்வளவு என்னும் வினாவிற்குத் திறமை விடை தரும். திறமை பெறும் வாய்ப்பு யார்க்கு எத்தலைமுறையில் கிட்டியது என்னும் வினாவிற்கு அத்திறமையே விடை தருதல் இயலுமோ? அவ்வினாவை எழுப்பியவர் வெளியில் இருந்தவர், இடம் பெறாதவர். உத்தரமேரூரில் கல்விக்கு அரைக்கால் வேலி விலை வைத்தபோதும் இதே வினா எழுந்திருத்தல் வேண்டும்; எழுப்புவார்க்கு அவையில் இடமில்லாமையால் கல்லில் ஏறவில்லை.

கீழே நம் ஊரில் நிகழ்ந்தது அத்துணைப் பெருமையுடையதன்று. தமிழ்நாட்டின் நகராட்சிகள் எல்லாவற்றையும் போலக் குமாரபாளையம் நகராட்சியும் 2016 அக்டோபர் முதல், 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் நடைபெற்ற காலம்வரை, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரின்றித் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட இக்காலத்தைப் பயிற்சி பெற்ற அலுவலரின் ஆட்சி எனல் தகும். குடிநீர் வந்தது, குப்பை அள்ளப்பட்டது, அலுவலருள் திறமையும் அக்கறையும் உடையார் பலர் இருந்தனர். குறை யாதெனின், கேட்பதற்கு ஆளில்லை. வார்டு உறுப்பினர் ஒருவர் அறிவிற் குறைந்தவராகவே இருக்கலாம். அவர் வீட்டுத் திண்ணையில் காலையில் சென்று அமர்ந்து ஏன் என்று கேட்கலாம். அடுத்த தேர்தலுக்கு அவர் அஞ்சுவார். மாறுதல் ஆணைக்கு மட்டும் அஞ்சும் ஒருவரிடம் அவ்வினாவிற்கு அதே வலிமை இராது. நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் முதலாம் நாள் பகுதி சபைகள் கூடத் தொடங்கியதை இவ்வகையில் நற்செய்தியாகக் கொள்கின்றோம். அவை எவ்வளவு நாள் உயிரோடு இயங்கும் என்பது வேறு செய்தி.

அச்சபைகளில் முதலில் எழவேண்டிய வினா சாய நீர் பற்றியது. விசைத்தறியும் சாயப்பட்டறையும் இவ்வூரின் சோறு. சாயக் கழிவு காவிரியில் கலக்கின்றது என்னும் முறையீடும், உரிமம் பெறாப் பட்டறைகளை அலுவலர் இடித்தனர் என்னும் செய்தியும் ஆண்டுதோறும் நாம் படிப்பன. நொய்யலில் நேர்ந்தது நம் கண்முன் உளது. அங்கு 1992இல் பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குளமாயிற்று. அணையின் கல்லும் சுண்ணமும் கணக்கும் பிழையில்லாதன. மேலே ஓர் ஊரின் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது மட்டும் கணக்கில் வரவில்லை. அணையைத் திறவற்க என்று பாசன உழவரே வேண்டும் நிலை வந்தது. முடிவில் 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறையில் கூலி பெற்றோர் அவ்வாணையால் ஓரிரவில் வேலை இழந்தனர்.

ஈண்டு எம் வாதத்திற்கே ஒரு தடை எழுகின்றது. அதனை மறைத்தல் முறையன்று. கண்ணகி உடைத்த சிலம்பின் மணி எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. சாய நீரில் கண்ணுக்குத் தெரிவது நிறம். கேடு செய்வதில் பெரும்பங்கு உப்பு. நிறத்தை நீக்குதல் எளிது. நீக்கியபின் நீர் தெளிந்து தோன்றும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேற்படாத கரைந்த உப்போடுதான் கழிவுநீர் வெளிவரலாம் என்பது விதி. நீரை நோக்கி அது 2000மா 3000மா என்று கூற எவர் கண்ணாலும் ஆகாது. ஆகவே அவையின் கண் இங்குத் தோற்கின்றது. அளவுமானி தேவை, அதனைப் படிக்க வல்லார் தேவை. ஊரார் வாக்கெடுத்து நீரின் உப்பை முடிவு செய்தல் நகைப்பிற்கு இடமாகும்.

இத்தடைக்கு எம் விடை முழுமையானதன்று. ஒன்று கூறலாம். கிணற்று நீர் உவர்ப்பதையும் தென்னை குரும்பை உதிர்ப்பதையும் உழவர் நாள்தோறும் கண்டுவருவர். உவர்நீர் தரும் நிலத்தில் எந்தப் பயிர் முதலில் வாடும் என்பதும் அவர் அறிவர். அவர் நாவு அறிந்த உப்பும் மானி காட்டும் எண்ணும் ஒரே பொருள். இரண்டும் ஓரிடத்தில் ஒன்றையொன்று சந்திக்கச் செய்தால் அவையின் கண் மீளும். ஆயின் நாவும் அறியாத நஞ்சுகள் சில உள. அவற்றிற்கு வல்லுநர் சொல்லையன்றிப் பற்றுக்கோடு இல்லை. அங்கு நாம் செய்யக்கூடியது, அவ்வல்லுநர் ஒருவராக இராமல் பலராக இருக்கவும், அவருள் எவரும் பட்டறைப் பணத்தில் வாழாதிருக்கவும் பார்த்துக்கொள்வதே. நம் இலக்கியத்தில் இதனினும் மேற்பட்ட விடை உண்டோ என்று தேடினோம், கண்டிலம்.

நாவும் எண்ணும் சந்திப்பதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் மொழி. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் பெருமாசுத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தொடர் அளவுமானிகளைப் பொருத்துமாறு பணித்தது. அவ்வெண்கள் இணையவழியே வாரியத்தின் கணிப்பொறியை அடைகின்றன; படித்துறையில் நிற்பவன் பொருளறியும் வடிவில் வந்து சேர்தல் அரிது. பெருந்தொழில் தொடங்குவதன் முன் நிகழும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிற்கு, 2006ஆம் ஆண்டு அறிவிக்கை மாநில மொழியில் கேட்பது அறிக்கையின் சுருக்கத்தை மட்டுமே. முழு அறிக்கை ஆங்கிலத்திலேயே இருத்தல் வழக்கம். அவ்விதியைத் திருத்த 2020இல் வெளிவந்த வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. அதனை எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட, அரசு அதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை சென்றது. கருத்துக் கேட்கப்படும் மக்கள், எதைப் பற்றிக் கேட்கப்படுகின்றனர் என்பதை அறியவே வழக்காட வேண்டியிருந்தது. களவு நூலைக் கேட்ட காவலர்க்கு அதன் மொழியாவது விளங்கிற்று.

இது தமிழ்த்துறைகளின் பொறுப்பிற்கு உட்பட்ட செய்தி என்று கருதியே இவ்விதழில் இதனை எழுதுகின்றோம். அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென இராசகோபாலாச்சாரியாரும் நண்பரும் சேலத்தில் கழகம் ஒன்று கண்ட ஆண்டு 1916. மைசூரில் விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலம். அதன்பின் நூறாண்டில் கலைச்சொல் அகராதிகள் பல நம் அடுக்குகளில் நிறைந்துள்ளன. அகராதியில் உள்ள சொல் அவைக்கு வந்ததா என்று நாம் கேட்டதில்லை.

சென்ற பருவத்தில் மாணாக்கர் சிலரைக் கொண்டு ஆற்றுநீர் ஆய்வறிக்கை ஒன்றைத் தமிழில் பெயர்க்க முயன்றோம். மொத்தக் கரைந்த திண்மங்கள் என்று யாம் இட்ட தலைப்பை, முன்னர் வினா எழுப்பிய அம்மாணாக்கர் அடித்துவிட்டு, கரைந்த உப்பு என்று எழுதினார். அளவில் சிறிது பிழை, பொருளில் பிழையில்லை என்று விட்டுவிட்டோம். அவர் அப்பெயர்ப்பைத் தம் தந்தைக்குப் படித்துக் காட்டினாராம். அவர் முழுதும் கேட்டுவிட்டு, “இது எந்தத் துறையிலே, எத்தனை மணிக்கு மொண்ட தண்ணீர்?” என்று வினவியிருக்கின்றார். பட்டறை நீர் எப்பொழுது ஆற்றில் இறங்கும் என்பது அவர்க்குத் தெரியும் அல்லவா! மாணாக்கர் மறுநாள் அவ்வினாவோடு எம்மிடம் வந்தார். மூலத்தைப் புரட்டிப் பார்த்தோம். இடமும் நேரமும் ஒவ்வொரு மாதிரிக்கும் குறிக்கப்பட்டிருந்தன; பின்னிணைப்பில், பொதுமக்களுக்குப் பயன்படாது எனக் கருதி யாம் பெயர்க்காது விட்ட பக்கங்களில் இருந்தன.